அவ்வளவு சூடாக இருந்திருக்க முடியாது

ஹாம்பர்க். பாரன்ஃபெல்ட். ஜனவரி.
மூன்றாம் மாடி ரேடியேட்டர் செத்து நான்கு நாள்.
வீப்கே ஹார்ம்சன்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
பிரபஞ்சத்தின் உச்ச வெப்பத்தைக் கணக்கிடுகிறாள்.

ஒன்று. அதன் பின்னே இருபது பூஜ்யம்.
அதற்கு மேல் கொதித்திருந்தால்
கிராவிட்டினோக்கள் பெருகியிருக்கும்.

கிராவிட்டினோ:
ஈர்ப்பு விசைக்கு
காகிதத்தில் மட்டும் கட்டிவைத்த துணை.
யாரோடும் ஒட்டாது.
ஒளி தட்டினாலும் கதவைத் திறக்காது.
கொதியில் பிறந்தது
கொதி அடங்கிய பிறகும் சாக மறந்து
ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்துத்
திடீரென்று உடையும்.

அதற்குள் முதல் சில நிமிடச் சமையல் முடிந்து
ஹீலியம் இறக்கியாயிற்று.
டியூட்டிரியமும்.
(ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான்,
நடுவே ஊதினால் விட்டுப்போகும் பிடி.)
பந்தி போட்ட பிறகு வந்து
இலையை எற்றுகிற விருந்தாளி அது.

ஆக, இவள் வேலை
வந்தார்களா என்றே தெரியாத விருந்தாளிகளை
உடையாத பாத்திரங்களை வைத்து எண்ணுவது.
வரிப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
'ஆய்வாளர்' என்று எழுதிவிடுகிறாள்.

ஜெனீவாவில் மண்ணுக்கடியில்
இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி மோதவிட்டும்
துணைத் துகள் ஒன்றும் அகப்படவில்லை இதுவரை.
மீன் சந்தையில் ஹெரிங் விற்கும் பெண்
ஒருநாள் கேட்டாள்:
இல்லாததை எப்படி எண்ணுவாய்?
கவனமாக, என்றாள் இவள்.
அந்த அம்மாள் சிரித்து
ஒரு மீன் கூடப் போட்டாள்.

மோதல்கள் பத்து வகை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து.
முதல் வகையில் இரண்டு குளூவான்கள் மோதும்.
செப்டம்பரில்
எல்லோரும் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்த கேன்டீனில்
ட்யார்க் லோரன்சனைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:
'உன் கணக்கில் ஓர் அரை கூடுதலாக இருக்கிறது.
பதினோரு வருடமாக என் பெயரையும் சேர்த்துக்
கெடுத்துவைத்திருக்கிறாய்.'
அவன் தட்டை எடுத்துப்போய் வைத்தான்.
அக்டோபரில் கீல் நகருக்கு மாறிப்போனான்.
அவன் மேசையில் இப்போது யாரோ
கற்றாழை வளர்க்கிறார்கள்.

இன்றிரவு பதினொன்றே காலுக்கு
அந்த அரை
சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிகிறது.
இரண்டு குளூவான்களையும்
இன்னது இது, இன்னது அது என்று பிரிக்க முடியாது.
இவன் அவனை மோதினாலும்
அவன் இவனை மோதினாலும்
ஒரே மோதல்.
இரண்டு முறை எண்ணியது இவள்.

கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை.
பிறகு தண்ணீர் பிடித்தாள் குழாயில்.
ஹாம்பர்க் தண்ணீர், சுண்ணாம்பு வாடை.
ஆறாயிரத்துச் சொச்சம் ஹைட்ரஜனில் ஒன்று
கனத்தது, பழையது,
அந்த முதல் நிமிடங்களில் பிடித்த பிடியை
இன்னும் விடாதது.
அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சி.
வாய்தாவுக்கு வாய்தா
ஒரே வாக்குமூலம்:
சூடுதான், கடுமையான சூடுதான்,
ஆனால் அவ்வளவு இல்லை.

குடித்தாள் சாட்சியை.

பிறகு கீலுக்கு எழுதினாள், மூன்று முறை அழித்து:
'அரை உன்னுடையதுதான் சரி.
எல்லை கொஞ்சம் மேலே போகிறது.
நாம் நினைத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே
கொதித்திருக்கலாம்,
ஒன்றும் உடையாமல்.'

கடைசி வரியைப் படித்துப் பார்த்து
அழிக்கப் போனவள்
அனுப்பிவிட்டாள்.

கடைசிப் பேருந்து போய்விட்டது.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
தன்னைத் தவிர எதையும் காட்டவில்லை.
ஒரு மணிக்குப் பதில் வந்தது, ஒற்றை வரி:

அந்த ரேடியேட்டரை இடது பக்கம் உதைத்துப் பார்த்தாயா?